முசுறு வேடச் சிலந்தி

மாந்தோப்பில் பழகியவர்க்கு முசுறு இன்னதென்று எடுத்துக்கூற வேண்டுவதில்லை. பழைய இலக்கியம் முயிறு என வழங்கும் இச்செவ்வெறும்பு, பச்சிலைகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்து, தன் புழுக்களின் வாயினின்று வரும் பட்டிழையால் அவற்றைப் பிணைத்துக் கூடமைப்பது. அக்கூட்டின்மேல் கைபட்டால் நூற்றுக்கணக்காய் வெளிப்போந்து கடித்து, கடித்த வாயில் எரிநீரும் பெய்வது. கிளையில் இவ்வெறும்புகள் சாரை சாரையாய்ச் செல்லும்போது, அவற்றினின்று சிறிது ஒதுங்கி, அவற்றின் செம்மஞ்சள் நிறமே தானும் உடையதாய் ஒன்று தனியே திரிவதைச் சிலர் கண்டிருக்கலாம். கண்டும் எறும்பென்றே எண்ணிச் சென்றிருப்பர். அஃது எறும்பன்று, சிலந்தி. அதிலும், வீட்டுச் சுவர்களில் ஈயைப் பதுங்கிச் சென்று பாய்ந்து பிடிக்கும் ஈப்புலியின் குலத்தைச் சேர்ந்தது. நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது அதனையே.

ஓர் உயிர் பிறிதோர் உயிரின் வேடம் பூண்டு பகைவரினின்று தப்பும் செய்தியை நூல்கள் வியந்து கூறும். வியப்பு ஒருபுறமிருக்க, அவ்வேடத்திற்கு அவ்வுயிர் கொடுக்கும் விலை யாது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. மாறுவேடம் பூண்ட அரசன் அதனைக் களைந்துவிட்டு அரண்மனைக்குத் திரும்பலாம். இச்சிலந்திக்கோ வேடமே உடல், களைதற்கு வழியில்லை. ஆதலின் பாய்தல், இரை பிடித்தல், துணை தேடுதல் ஆகிய சிலந்திக்குரிய தொழில்களெல்லாம் எறும்பின் வடிவத்திற்குள் அடங்கியே நடைபெறல் வேண்டும். அவ்வடக்கத்தால் இஃது இழந்தது சிறிதன்று என்பதனைச் சென்ற சில ஆண்டுகளின் ஆராய்ச்சிகள் தெளிவாகக் காட்டியுள்ளன.

முதற்கண் பெயர் வரலாறு. இச்சிலந்தியை விவரித்துப் பெயரிட்டவர் ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர்; இங்கிலாந்தில் டார்செட் பகுதியிலுள்ள பிளாக்ஸ்வொர்த் என்னும் சிற்றூரில் பல்லாண்டு குருவாயிருந்தவர். சபையை மேய்த்த கையே உலகின் பல பாகங்களினின்று வந்த சிலந்திகளையும் எண்ணி, பிரித்து, படமெழுதி வைத்தது. இலங்கைச் சிலந்தியாகிய இதனை அவர் 1869-ஆம் ஆண்டில் பிளாட்டலியாய்டிஸ் என்று அழைத்தார். பிளாட்டலியா என்பது கரண்டிவாயன் என்னும் நீர்ப்பறவையின் பெயர். அதனை ஒத்தது என்பது பொருள். ஆண் சிலந்தியின் நீண்டு நுனி பருத்த தாடைகளைக் கண்டவர்க்கு அப்பெயர் மிகப் பொருத்தமாகவே தோன்றும். பின்னர் நெடுங்காலம் இது மைர்மராக்னி என்னும் பேரினத்துள் வைத்து எண்ணப்பட்டது. மெக்லே என்பார் 1839-இல் வகுத்த அப்பேரினப் பெயர்க்குக் கிரேக்க மொழியில் எறும்புச் சிலந்தி என்று பொருள். 2016-இல் போலந்து நாட்டுப் புரோசின்ஸ்கி இதனைப் பிரித்து மைர்மாபிளாட்டா என்னும் புதுப் பேரினத்துள் அமைத்தார். இக்கட்டுரையில் நாம் இதனை முசுறுச் சிலந்தி என்றே வழங்குவோம். இது வாழுமிடம் இந்தியா, இலங்கை, சீனம், தென்கிழக்காசியா ஆகியன. நம் நாட்டில் இதன் வாழ்க்கை வரலாற்றைக் கண்டறிந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1934-இலும் மீண்டும் 1954-இலும் எழுதியவர் ஏ. பி. மேத்யூ. முசுறைப் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் ஒரு பேழை கொள்ளுமளவு உள. அதனருகே வாழும் இச்சிலந்தியைப் பற்றியனவோ ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

முசுறுச் சிலந்தியின் வேடத்தை அறியவேண்டின், வேடமற்ற ஈப்புலி எத்தகையதென்பதை முன்னர் அறிதல் வேண்டும். ஈப்புலிக் குலம் சிலந்திக் குலங்கள் அனைத்தினும் பெரிது; ஆறாயிரத்திற்கு மேற்பட்ட இனங்களை உடையது. இவை இரைக்காக வலை பின்னிக் காத்திருப்பனவல்ல. கண்ணால் கண்டு, பூனைபோல் பதுங்கிச் சென்று, பாய்ந்து பிடிப்பன. கண்கள் எட்டு. அவற்றுள் முன்னே நடுவிலுள்ள இரண்டும் பெரியவை. உருவத்தைக் கூர்ந்து காண்பதற்குரியவை. அக்கண்ணின் வில்லை அசைவதில்லை. அதன் பின்னே நீண்ட குழாயின் அடியிலுள்ள விழித்திரையையே சிறு தசைகள் இங்குமங்கும் திருப்பும். ஏனைக் கண்கள் பக்கத்திலும் பின்னும் அசைவன யாவை என்று உணர்த்தும். பாய்ச்சலோ இன்னும் விந்தையானது. சிலந்தியின் கால்களை மடக்கத் தசைகள் உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்டுதற்கோ தசையில்லை. முன்னுடலில் உள்ள குருதியை அழுத்திக் கால்களுக்குள் செலுத்தவே அவை விரைந்து நீளும், உடல் எழும். பாயுமுன் தான் நிற்குமிடத்தில் ஒரு நூலை ஒட்டிவிட்டே பாயும். ஆதலின் குறி தவறினும் கீழே வீழ்ந்து அழிவதில்லை. முன்னுடல் பருத்து அகன்றிருத்தலும், கால்கள் குறுகித் திரண்டிருத்தலும் இத்தொழிலுக்கு ஏற்ற அமைப்பாகும்.

இவ்வுடலை எறும்பாக்குவது எங்ஙனம்? எறும்பிற்குத் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். சிலந்திக்குத் தலைமார்பு, வயிறு என இரண்டே. முசுறுச் சிலந்தியின் தலைமார்பு நடுவில் இறுகிச் சுருங்கி, முற்பகுதி தலைபோலவும் பிற்பகுதி மார்புபோலவும் தோன்றும். அதன் பின்னர் நீண்டு மெலிந்த காம்பொன்று எறும்பின் இடையைக் காட்டும். வயிறும் நீண்டு ஒடுங்கியது. கால்கள் மெலிந்து நெடியன. எறும்பிற்கு ஆறு கால்களும் இரண்டு உணர்கொம்புகளும் உள. சிலந்திக்கு எட்டுக் கால்கள் உள, உணர்கொம்பில்லை. இக்கணக்கைச் சரிசெய்யும் வழி, முன்னங்கால் இரண்டையும் தலைக்குமேல் உயர்த்தி அசைத்தலே. உடலின் அளவும் முசுறின் அளவிற்கு ஏறக்குறைய ஒத்தது, நிறமும் அதுவே.

இவ்விடத்தில் நெடுநாள் வழங்கிவந்த கொள்கை ஒன்றைத் திருத்துதல் வேண்டும். எறும்பு வேடச் சிலந்திகள் ஆறு காலால் நடந்து, முன்னிரு கால்களை எப்போதும் உயர்த்தியே செல்லும் என்று பலர் எழுதினர். மனிதக் கண்ணிற்கு அங்ஙனமே தோன்றும். 2017-இல் பால் ஷாம்பிள் முதலியோர் இதன் உறவினமாகிய மைர்மராக்னி ஃபார்மிக்கேரியாவை விரைவுப் படக்கருவியால் படம் பிடித்து ஆராய்ந்தபோது, அது எட்டுக் காலாலுமே நடக்கின்றதென்பது வெளியாயிற்று. நடந்து நடந்து இடையிடையே ஏறக்குறைய ஒரு விநாடியிற் பத்திலொரு பங்கு நேரம் நின்று, அந்நேரத்தில் மட்டும் முன்னங்கால்களை உயர்த்தி அசைக்கும். அந்நிறுத்தம் நம் கண்ணிற்குப் புலப்படாமையால், ஓயாது கொம்பசைக்கும் எறும்பெனக் கருதுகின்றோம். நடக்கும் வழியும் நேர்வழியன்று. மணத்தடம் பற்றிச் செல்லும் எறும்பைப்போல வளைந்து வளைந்து செல்லும். வடிவத்தால் மட்டுமன்றி ஒழுக்கத்தாலும் வேடம் பூண்டிருக்கின்றது என்று கூறலாம்.

இனி, இவ்வேடத்தால் ஏமாறுவோர் யாவர்? எறும்புகளே ஏமாறுகின்றன என்று முதற்பார்வையில் தோன்றும். அது பிழை. எறும்பு தன் இனத்தாரை மணத்தால் அறிவது. தொட்டு முகர்ந்தபின் வேடம் செல்லாது. முசுறுச் சிலந்தி இதனை நன்குணர்ந்ததுபோல நடந்துகொள்ளும். எறும்பொன்று எதிரே வந்தால் தன் கூர்ங்கண்ணால் முன்னரே கண்டு விலகிச் செல்லும். மிக நெருங்கினால் பாய்ந்தோ நூலைப்பற்றித் தொங்கியோ தப்பும். எவருடைய உருவைத் தாங்கியிருக்கின்றதோ அவரைத் தீண்டவும் இயலாமல் அவரிடையே வாழ்தல் இதன் நிலை. வளர்ந்த எறும்பு பொதுவாக இதற்கு உணவுமன்று. பிற சிறு பூச்சிகளையே நாடித் திரியும்.

முசுறின் வேடம் பூண்ட சிலந்திகள் வேறும் உள. அவற்றோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். அமைசியா ஃபார்ட்டிசெப்ஸ் என்பது நண்டுச் சிலந்திக் குலத்தது. அதன் வயிற்றின் பின்பகுதியிலுள்ள இரு கரும்புள்ளிகள் எறும்பின் கண்களைப்போல் தோன்றும். மேத்யூ தம் இரண்டாம் கட்டுரையில் முசுறுச் சிலந்தியோடு சேர்த்து ஆராய்ந்ததும் இதுவே. இது முசுறையே கொன்று தின்பது. பிடித்தவுடன் ஏனை எறும்புகள் வந்து சூழாதபடி நூலில் தொங்கிக்கொண்டு உண்ணும். ஆஸ்திரேலியாவிலுள்ள காஸ்மோபாசிஸ் பைட்டீனியேட்டா என்னும் மற்றொரு பாயும் சிலந்தியோ, எறும்பின் உருவை அவ்வளவாகப் பெறாமல் அதன் மணத்தைப் பெற்றது. கூட்டினுள் நுழைந்து எறும்பின் புழுக்களைத் திருடி உண்ணும்போது அவற்றின் மேற்பூச்சு மணம் தன் உடலிலும் ஏறப்பெறுகின்றது. முன்னது கொலைக்கு வேடம்; பின்னது களவிற்கு மணம். நம் முசுறுச் சிலந்தியின் வேடம் இவ்விரண்டிற்குமன்றி அடைக்கலத்திற்கே ஆயது.

அடைக்கலம் யாரிடமிருந்து என்றால், எறும்பை அஞ்சும் பிற உயிர்களிடமிருந்து. அமேசான் காடுகளில் 1848 முதல் 1859 வரை திரிந்த ஹென்றி வால்ட்டர் பேட்ஸ், பறவைகள் உண்ண மறுக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் உருவைப் பிற வண்ணத்துப்பூச்சிகள் தாங்கியிருத்தலைக் கண்டு, 1862-இல் இவ்வகை வேடத்தின் காரணத்தை விளக்கினார். அவர் பெயராலேயே பேட்ஸ் வகை வேடம் என்று இது வழங்கும். கடியும் எரிநீரும் கூட்டத்தின் உதவியுமுடைய முசுறைத் தின்னத் துணிவார் சிலர். அவ்வச்சத்தின் நிழலில் சிலந்தி வாழ்கின்றது.

இஃது ஊகமாத்திரமன்று. நியூஜீலந்தைச் சேர்ந்த ஜிமேனா நெல்சனும் ராபர்ட் ஜாக்சனும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், எறும்பையே முன்னர்க் கண்டறியாத தயிர்க்கடைப் பூச்சிகளும் எறும்பைக் கண்டு ஒதுங்கின. எறும்பு வேடச் சிலந்தியைக் கண்டும் அங்ஙனமே ஒதுங்கின. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டில் மால்கம் எட்மண்ட்ஸ், குளவிகள் தம் குஞ்சுகளுக்கு உணவாக மண்கூட்டில் அடைத்துவைக்கும் சிலந்திகளை எண்ணிப் பார்த்தார். சுற்றுப்புறத்தில் எறும்பு வேடச் சிலந்திகள் மிகுதியாயிருந்தும் கூடுகளில் அவற்றின் தொகை அதற்கேற்ப இல்லை என்று 1993-இல் எழுதினார். கென்யாவில் விக்டோரியா ஏரியை அடுத்து வாழும் மைர்மராக்னி மெலனோட்டார்சா என்பது இன்னும் ஒருபடி மேற்சென்றது. எறும்பு கூட்டமாய் வாழ்வதல்லவா? அச்சிலந்தியும் கூட்டமாகவே திரிகின்றது. தனி வேடத்தைக் காட்டிலும் கூட்ட வேடம் பகைவரை மிகுதியாய் அஞ்சுவிக்கின்றது என்று 2009-இல் அவ்விருவருமே காட்டினர்.

இலாபம் இவ்வாறாக, செலவுக் கணக்கிற்கு வருவோம்.

பாய்ச்சலே ஈப்புலியின் செல்வம். அதற்குப் பருத்த முன்னுடலும் திரண்ட கால்களும் வேண்டும் என்று மேலே கூறினோம். எறும்பாவதற்கோ இடை சுருங்கி, உடல் மெலிந்து, கால்கள் நீளல் வேண்டும். இரண்டும் ஒருங்கே கூடுமோ? ஹஷிமோட்டோ முதலிய ஜப்பானிய ஆராய்ச்சியாளர் எறும்பு வேடச் சிலந்திகளையும் வேடமில்லாத ஈப்புலிகளையும் பாயச்செய்து அளந்து 2020-இல் தம் முடிவை வெளியிட்டனர். வேடமுடையவை பாய்ச்சலிலும் இரை பிடித்தலிலும் பின்தங்கின. ஈப்புலி ஈயைத் தொலைவிலிருந்தே பாய்ந்து பற்றும்; எறும்பு வேடத்தது அங்ஙனம் செய்யும் ஆற்றல் குன்றியது. உயிரைக் காத்துக்கொள்ளும்பொருட்டு உணவு தேடும் திறத்தில் ஒரு பங்கை விற்றுவிட்டது என்க. அன்றியும், முசுறு பாயாது. எறும்பெனத் தோன்றவேண்டிய உயிர் அடிக்கடி பாயுமாயின் வேடம் கலைந்துபோம். ஆதலின் இருக்கும் பாய்ச்சலையும் அளந்தே செலவிடல் வேண்டும்.

ஆண் சிலந்தியின் செய்தி இன்னும் இரங்கத்தக்கது. இதன் தாடைகள் முன்னோக்கி நீண்டு, தலைமார்பிற்கு நிகரான நெடுமையுடையன. கடைசித் தோலை உரிக்கும்வரை இவை இவ்வாறு நீள்வதில்லை. இளமையில் ஆணும் பெண்ணைப்போன்றே செவ்விய எறும்புருவாய்த் தோன்றும். பருவமடைந்தவுடன் இந்நெடுந்தாடைகள் வெளிப்படும். இவை போருக்கு ஆயுதம். இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் தாடைகளை அகல விரித்து, பற்களை நீட்டி, ஒன்றையொன்று தள்ளும். பெண்ணை அடைதற்கு வேண்டிய இவ்வாயுதம் எறும்பு வேடத்தைக் கெடுத்துவிடாதோ என்று நாம் ஐயுறலாம். கெடுக்கவில்லை, வேறொரு வேடமாயிற்று. தாடைகளின் பருத்த நுனியிலுள்ள கரும்புள்ளிகள் கண்களைப்போலத் தோன்ற, முழு உருவமும் ஓர் எறும்பு மற்றோர் எறும்பை வாயிற் கவ்விச் செல்வதுபோற் காட்சியளிக்கும். எறும்புகள் தம்மிற் சிலவற்றைச் சுமந்து செல்லுதல் அன்றாடம் காண்பதே.

எனினும் இங்கேதான் ஆண் விலை கொடுக்கின்றது. எறும்பை அஞ்சுவோரிடம் இவ்விரட்டை வேடமும் செல்லும். ஆனால் எறும்பையே தேடித் தின்னும் சில பாயும் சிலந்திகளும் உலகில் உண்டு. அவை, வாயில் சுமையுடைய எறும்பு கடிக்க இயலாததென்பதனால், அத்தகையதனையே விரும்பித் தாக்கும். நெல்சனும் ஜாக்சனும் 2006-இல் காட்டியபடி, அவ்வேட்டைக்காரர் பெண்ணைக் காட்டிலும் ஆணையே மிகுதியாகத் தெரிந்தெடுத்தன. ஒரு பகைவரினின்று தப்பிய வேடம் மற்றொரு பகைவரை வருவித்தது. அதுவுமன்றி, எறும்புச் சிலந்தி வகையொன்றின் ஆணினது நீண்ட பல்லில் நஞ்சு செல்லும் துளையே இல்லாமையையும், அது இரையை ஈட்டிபோற் குத்தியே பிடிக்கின்றமையையும் சைமன் பொல்லார்டு 1994-இல் எழுதினார். இத்தனை பெரிய வாயைத் தாங்கி நிற்கும் ஒன்று, உண்பதில் அதனாலேயே இடர்ப்படுகின்றது.

பெண் தன் கூட்டை இலையின் குழிவில் மெல்லிய வெண்பட்டுத் திரையாக அமைத்து, அதனடியில் முட்டையிட்டுக் காத்திருக்கும். முசுறின் வழிக்கு அருகிலேயே இக்கூடு அமைதலும் உண்டு. காவலர் அருகிலிருத்தல் நன்றே, தீண்டாதவரையில். குஞ்சுகள் முசுறினும் மிகச் சிறியனவாதலின் பிறந்தவுடன் முசுறு வேடம் பூண்பதற்கில்லை. எறும்பு வேடச் சிலந்திகளின் இளமைப் பருவங்கள் வேறு சிற்றெறும்புகளை ஒத்து, வளரவளர ஒப்புமை மாறுதலைக் கானாவில் எட்மண்ட்ஸ் 1978-இலேயே குறித்துள்ளார். ஒரே வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வேடம்.

தாய்மையைப் பற்றிக் கூறுகையில், இதன் நெருங்கிய உறவினமாகிய டாக்சியஸ் மேக்னஸ் என்னும் எறும்பு வேடச் சிலந்தியை விட்டுச்செல்லுதல் கூடாது. சீன நாட்டில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட செய்தி இது. தாய்ச்சிலந்தி தன் வயிற்றின் அடியிலிருந்து பால் போன்ற நீரைச் சுரந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றது. முதலில் கூட்டில் துளிகளாக வைக்கும். பின்னர்க் குஞ்சுகள் நேரே வாய்வைத்து உறிஞ்சும். அந்நீரிலுள்ள புரதம் பசுவின் பாலிலுள்ளதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இருபது நாள்வரை இதுவே உணவு. அதன்பின் வெளியே சென்று இரை தேடினும் நாற்பதாம் நாள் அளவும் வந்து அருந்தும். பாலைத் தடுத்தால் குஞ்சுகள் பத்து நாளளவில் மடியும். பாலூட்டுதல் விலங்கிற்கே உரியதென்று வகுப்பில் எழுதிவைத்த ஏட்டின் ஓரத்தில் இதனையும் குறித்துக்கொள்ளுதல் தகும். முசுறுச் சிலந்தியின் கூட்டருகே ஒரு மாதம் பொறுமையோடு இருந்து, குஞ்சுகள் எந்நாளில் வெளிவருகின்றன, வந்தபின் திரும்புகின்றனவா என்று குறிப்பெழுதும் மாணாக்கர்க்கு ஆய்வுக்கூடமும் பொருட்செலவும் வேண்டா.

காண விரும்புவோர்க்குச் சில சொற்கள். முசுறுக் கூட்டை அசைத்தல் வேண்டா. சிலந்தி கூட்டினுள் இராது. கூட்டிற்கு இரண்டு மூன்று முழத் தொலைவிலுள்ள அகன்ற இலைகளின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் காலை வெயில் ஏறியபின் நோக்குக. சாரையிற் சேராது தனித்துத் திரிவதாய், நடந்து நின்று நடந்து நிற்பதாய் ஒன்று தென்பட்டால், கொம்பைப் பார்க்க. எறும்பின் கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். சிலந்தியின் உயர்த்திய காலுக்கு அம்மடிப்பில்லை. பின்னர் முகத்தைப் பார்க்க. வட்டமான இரு பெருங்கண்கள் முன்னோக்கி நம்மையே பார்ப்பதுபோலிருக்கும்; எறும்பின் கண்களோ தலையின் பக்கங்களில் அமைந்தவை. இன்னும் ஐயமாயின் புல்நுனியால் மெல்லத் தொடுக. நூலொன்றை விட்டுக் கீழே தொங்கினால் ஐயம் தீர்ந்தது.

தேடுவதற்குமுன் மரத்தில் முசுறு இருத்தல் வேண்டும். பழம் பறிப்போர் கடிக்கு அஞ்சிக் கூட்டைத் தீயிட்டும் மருந்து தெளித்தும் அழிக்கின்றனர். சீன நாட்டில் கி.பி. 304-ஆம் ஆண்டினதாகக் கூறப்படும் தாவர நூலொன்று, நாரத்தை இனத்து மரங்களின் பூச்சிகளை ஒழிக்க இவ்வெறும்புக் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கி மரத்திற் கட்டினர் என்று சொல்கின்றது. இக்காலத்தும் வட ஆஸ்திரேலியாவின் முந்திரித் தோட்டங்களில் பூச்சிகளை அடக்க முசுறைப் பயன்படுத்தி ஆராய்ந்துள்ளனர். அவ்வெறும்பு ஒரு தோப்பினின்று ஒழிந்தால், அத்தோப்பில் முசுறுச் சிலந்தியின் வேடத்திற்கும் நாளடைவில் பொருள் குறையலாம். எறும்பே இல்லாத கிளையில் எறும்புருவைக் கண்டு அஞ்சக் கற்கும் வாய்ப்பு பறவைக்கும் பூச்சிக்கும் குறையும். அங்கே நிற்பது பாய்ச்சல் குன்றிய ஒரு சிலந்தியே.